பூனாகலை ரோட்டு வீடு

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தெருவில், ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில்தான் எங்கள் சங்கம் கூடுகிறது. படிக்கட்டு முழுக்கத் தண்ணீர்க் குழாய்களைச் சாய்த்து வைத்திருப்பார்கள். மேலே போய் உட்கார்ந்தால் பெயின்ட் வாசனை தலைக்கு ஏறும். கடை முதலாளியின் தாயாரைக் கடைசிக் காலத்தில் எங்களில் ஒருத்திதான் பார்த்துக்கொண்டாள். அதற்காக அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையை எங்களுக்குத் திறந்துவிடுகிறார்.

நாங்கள் துணைத் தாதிகள். அரசாங்கத் தாதிகள் இல்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து, ஆஸ்பத்திரி வாட்டில் பழகி, சான்றிதழ் வாங்கி, தனியார் நர்சிங் ஹோம்களிலும் தோட்டத்து மருந்தகங்களிலும் வீடுகளிலும் வேலை பார்க்கிறவர்கள். முக்கால்வாசிப் பேர் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் பிறந்தவர்கள். நானும் அப்படித்தான். எங்கள் உடுப்பு வெள்ளை இல்லை, வெளிர்நீலம். நோயாளிகள் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை, எல்லோரையும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏதாவது தப்பாகிப்போகும்போதுதான் வித்தியாசம் வெளியே வரும். டொக்டருக்குப் பேச ஆள் இருக்கும், அரசாங்கத் தாதிக்குப் பேச ஆள் இருக்கும். எங்களுக்கு யாரும் இருக்கவில்லை. அதனால்தான் சங்கம் தொடங்கினோம்.

வேலைகளிலேயே எங்களுக்குப் பயமானது வீட்டு டியூட்டி. ஆஸ்பத்திரியில் நாலு பேர் கண்ணுக்கு முன்னால் வேலை நடக்கும். வீட்டில் நோயாளியும் அந்தக் குடும்பமும் மட்டும்தான். அதனால் வீட்டு டியூட்டிக்குப் போகிறவள் தினமும் காலையில் எங்கள் வட்ஸ்அப் குழுவில் குரல் பதிந்து அனுப்ப வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்தோம். எழும்பிவிட்டேன், நோயாளி இப்படி இருக்கிறார் என்று சொன்னால் போதும். அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கும்போது நான் ஒவ்வொருத்தியின் குரலாகக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து ஒரு பெண் எங்களோடு சேர்ந்திருந்தாள். எங்களில் அவள்தான் இளையவள். அவள் சிரித்தால் கீழே கடையில் சாமான் வாங்குகிறவர்கள் மேலே அண்ணாந்து பார்ப்பார்கள். அவளுடைய காலைக் குரல் எப்போதும் நீளமாகத்தான் வரும். நோயாளி என்ன சாப்பிட்டார், குளிர் எப்படிப் பிடுங்குது, பக்கத்து வீட்டு நாய் ராத்திரி முழுக்க என்ன பாடு படுத்தியது என்று எல்லாம் சொல்லி முடித்துத்தான் விடுவாள்.

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குப் போகும் ரோட்டில் ஒரு பெரிய வீட்டுக்கு அவளை அனுப்பினோம். வீட்டுக்காரர் மரக்கறி வியாபாரி. சொந்த லொறிகளில் தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிறவர், வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். நோயாளி அவருடைய தாயார். தேயிலைக் கொழுந்து பறித்து மகனை வளர்த்தவர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போய்விட்டது. திடீர் திடீரென்று சத்தம் போட்டுக் கத்துவாராம். வீட்டில் இன்னொருவர் வியாபாரியின் மனைவி. அவர்களுடைய மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "அக்கா, இந்த அம்மா கத்துறப்ப நான் பாட்டுப் பாடுனா நிறுத்திட்டுக் கேக்குறாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பிறகு ஒரு காலையில் அவளுடைய குரல் சுருக்கமாக வந்தது. "காலை வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். அம்மாவும் நலமாக இருக்கிறார்." பள்ளிக்கூட மேடையில் பேசுகிற மாதிரி. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மறுநாளும் அதே சொற்கள். அதற்கு அடுத்த நாளும் அதேதான். குரலுக்குப் பின்னால் வழக்கமாகக் கேட்கும் குருவிச் சத்தம், பஸ் ஹோர்ன் ஒன்றுமே இல்லை. யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுகிற மாதிரி மட்டும் கேட்டது. நான் பதிலுக்குப் போன் எடுத்தால் அணைத்து வைத்திருந்தது.

எங்கள் சங்கத்தில் மூத்தவர் ஒரு முஸ்லிம் பெண்மணி. பதுளை டவுன்காரர். பல வருடம் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். எல்லோருக்கும் அவர் ராத்தா, மூத்த அக்கா. அவருடைய வீட்டுக்குப் போய் அந்தக் குரல்களைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் திரும்பவும் போடச் சொன்னார்.

"இந்தப் புள்ள நம்மளோட பேசல்ல" என்றார். "யாருக்கோ கேக்கட்டும்னு பேசுது. நாளைக்கே போவோம்."

மறுநாள் போனோம். மழை விட்டிருந்தது, ஆனால் மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. பண்டாரவளையில் பஸ் மாறினோம். ஏற ஏற ஜன்னலுக்கு வெளியே தேயிலை மறைந்து வெறும் வெள்ளையாக ஆகிவிட்டது. கண்டக்டரிடம் வீட்டை விசாரித்தேன். "அந்த லொறி முதலாளி வூடா? அங்க ஒரு கெழவி கத்திக்கிட்டே இருக்கும். இப்பக் கொஞ்ச நாளா சத்தத்தையே காணோம்" என்றான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ராத்தா என் கையைப் பிடித்தார்.

வீட்டில் புதுத் திரைச்சீலை, தரையில் பளபளவென்று டைல்ஸ். வியாபாரியின் மனைவி எங்களை அன்பாகத்தான் வரவேற்றார். சங்கத்திலிருந்து வருகிறோம் என்றதும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உட்கார வைத்து, தானே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"அந்தப் புள்ள தங்கமான புள்ளங்க. இப்பதான் குளிக்கப் போயிருக்கு. அம்மா தூங்குறாங்க. நீங்க வந்தீங்கன்னு சொல்றேன்."

"ஒரு எட்டு அம்மாவப் பாத்துட்டுப் போறோமே" என்றேன்.

"தூங்குறாங்கன்னு சொன்னேன்ல." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து, உள்ளே போகும் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

குளிக்கிற சத்தம் எங்கும் கேட்கவில்லை. தண்ணீர் விழுகிற சத்தம்கூட இல்லை. அந்தப் பெரிய வீடே பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது. ராத்தா தேத்தண்ணிக் கோப்பையைத் தொடாமல் கீழே வைத்தார். பிறகு உரத்த குரலில், "புள்ள! நாங்க வந்திருக்கோம்!" என்று கூப்பிட்டார்.

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. "ராத்தா..." என்று அவளுடைய குரல் வந்தது. அது குளியலறையிலிருந்து வந்த குரல் இல்லை. மனைவி விலகவில்லை. ராத்தா அவருடைய தோளை மெதுவாக, ஒரு நோயாளியை நகர்த்துகிற மாதிரி நகர்த்திவிட்டு உள்ளே நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

கடைசி அறையில் அவள் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். உடுப்பு கசங்கியிருந்தது. கண்களுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. ஆளே பாதியாகிவிட்டிருந்தாள். எங்களைப் பார்த்து எழும்பவில்லை. ஒரு கையால் அந்த அம்மாவின் தாடையை முன்னுக்குத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"விட்டா நாக்கு உள்ள போயிருதுக்கா" என்றாள். "காலையிலருந்து இப்பிடித்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

நான் அந்த அம்மாவின் நெஞ்செலும்பில் விரல்முட்டியை வைத்து அழுத்தித் தேய்த்தேன். அப்படிச் செய்தால் எவ்வளவு ஆழ்ந்து தூங்குகிறவரும் முகத்தைச் சுளிப்பார். அவருடைய புருவம் மட்டும் லேசாக அசைந்து அடங்கியது. மூச்சு வந்தது. பிறகு வரவில்லை. நான் என் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நெடுநேரம் கழித்து இன்னொன்று, குறட்டையோடு வந்தது. இது தூக்கம் இல்லை.

"என்ன குடுத்த?" என்று கேட்டேன்.

"டொக்டர் சொன்ன தூக்க மாத்திரை, பாதி மட்டும்தான், அதுவும் ராத்திரிக்கு. நான் வேற ஒண்ணும் குடுக்கலக்கா." கதவுப்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "கஞ்சியில வருது."

கல்யாணப் பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துபோகத் தொடங்கியதிலிருந்து, அம்மாவின் சத்தம் அவர்களுக்குக் கேட்காமலிருக்க மாத்திரையைக் கூட்டிக் கொடுக்கும்படி மனைவி கேட்டிருக்கிறார். இவள் முடியாது என்றாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஆனால் அம்மா பகலிலும் கண் திறக்காமல் கிடக்கத் தொடங்கினார். ஒரு நாள் கஞ்சி டம்ளரின் அடியில் வெள்ளையாக மாவு மாதிரி தங்கியிருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கசந்தது. அன்றிலிருந்து சமையலறைக்கு இவளை விடவில்லை. போன் பார்த்துக்கொண்டிருந்தால் நோயாளியை யார் பார்ப்பது என்று போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். காலையில் குரல் அனுப்புவதற்கு மட்டும், பக்கத்திலேயே நின்றுகொண்டு கொடுப்பார்களாம். இவள் கஞ்சியைக் கொடுத்த மாதிரி காட்டிவிட்டு ஊற்றிவிடுவாள். ஆனால் இவள் குளிக்கப் போகிற நேரத்தில், கண் அசருகிற நேரத்தில் வேறு யாரோ ஊட்டியிருக்கிறார்கள். அதனால் தூங்காமல் இருக்கப் பழகிக்கொண்டாளாம்.

"நீ ஏன்டி கிளம்பி வரல? வாசல் கேட்டு பூட்டியா இருந்துச்சு?" என்றேன்.

"கேட்டு தொறந்துதான் இருந்துச்சு. நான் போனா இவங்களுக்கு யாருக்கா?"

அவளிடமிருந்து தாடையை நான் வாங்கிக்கொண்டேன். ராத்தா அந்த அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தார். பிறகு அம்புலன்ஸுக்குப் பேச போனை எடுத்தார்.

மனைவி வாசலில் நின்றிருந்தார். குரல் இன்னும் மென்மையாகத்தான் இருந்தது.

"எங்களுக்குக் குடும்ப டொக்டர் இருக்காரு. எதுக்கு அம்புலன்ஸ்? ஆஸ்பத்திரிக்குப் போனா பொலிஸ் வரும். மருந்து குடுக்குற ஆளு யாருன்னு கேப்பாங்க. வீட்டுல மருந்து குடுக்கத்தான் இந்தப் புள்ளய வெச்சிருக்கோம். நான் அதத்தான் சொல்லுவேன். இவ என்ன டொக்டரா, நர்ஸா? யோசிச்சுக்கங்க."

இதைத்தான் நாங்கள் எல்லோரும் வீட்டு டியூட்டியில் பயப்படுகிறோம். சங்கத்துக் கூட்டங்களில் அதைப் பற்றிப் பலதடவை பேசியிருக்கிறோம். அன்றைக்கு அது நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு எங்கள் எதிரிலேயே நின்றது. அந்தக் குரலில் கோபமே இல்லாததுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. ராத்தாவின் விரல் போனின் மேல் நின்றுவிட்டது. அவர் கட்டிலோரம் இருந்த பெண்ணைப் பார்த்தார். முடிவு அவளுடையது என்று நாங்கள் இருவருமே நினைத்தோம் போலிருக்கிறது.

"எடுங்க ராத்தா" என்றாள் அவள். "என்ன வந்தாலும் பாத்துக்கிறேன்."

அம்புலன்ஸுக்காகக் காத்திருந்தோம். மூட்டம் ஜன்னலில் வந்து அப்பிக்கொண்டிருந்தது. நான் அந்த அம்மாவின் மூச்சுக்கு மட்டும் காது கொடுத்திருந்தேன். ஒவ்வொன்றும் கடைசி மாதிரி இருந்தது. கூடத்தில் மனைவி யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. "ஆமாங்க, அந்தப் புள்ளதான் என்னமோ கூடக் குடுத்துருச்சு. பயமா இருக்குங்க." அழுகிற குரலில் சொன்னார். சொல்லி முடித்ததும் இருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

புறப்படும்போது அந்தப் பெண் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துத் தன் பையில் வைத்தாள். அன்றைய காலைக் கஞ்சியில் மிச்சம் வைத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவுக்குக் குழாய் போட்டு மூச்சுக்கு உதவினார்கள். வாட்டில் இருந்த டொக்டரம்மா எங்களிடம் அதிகம் கேட்கவில்லை. போத்தலை வாங்கிக்கொண்டார், பரிசோதனைக்கு அனுப்புவதாகச் சொன்னார். அதற்குள் ஆஸ்பத்திரி பொலிசுக்குத் தகவல் போயிருந்தது. பொலிஸ் அறை வாசலில் மனைவி எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். தலை சீவி, நல்ல சேலை கட்டி.

அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டு விசாரித்தார்கள். கேள்வி சிங்களத்தில் வந்தது. அவளுக்குச் சிங்களம் தெரியும், ஆனால் பயத்தில் சொற்கள் சிக்கின. எந்தச் சான்றிதழ், யார் பதிவு செய்தது, மருந்து கொடுக்க யார் உத்தரவு கொடுத்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவள் குனிந்துகொண்டே போனாள். நான் குழுவில் ஒரு குரல் பதிந்தேன். "நம்ம புள்ளய பொலிஸ்ல உக்கார வெச்சிருக்காங்க. வரக்கூடியவங்க வாங்க." அவ்வளவுதான்.

டியூட்டி முடிந்தவர்கள் உடுப்பை மாற்றாமலே வந்தார்கள். பண்டாரவளை நர்சிங் ஹோமிலிருந்து சிலர், பதுளையிலிருந்து பஸ் பிடித்துச் சிலர், தோட்டத்து மருந்தகத்திலிருந்து மழையில் நனைந்துகொண்டு ஒருத்தி. வெளியே நடையில் இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் சுவரோரம் நின்றார்கள். அந்த நடை முழுக்க வெளிர்நீலமாகிவிட்டது. பொலிஸ்காரர் வெளியே எட்டிப் பார்த்து இவர்கள் எல்லாம் யார் என்று கேட்டார். "அவவோட ஆக்கள்" என்றார் ராத்தா, அவருக்கும் புரியும் சிங்களத்தில். அதன் பிறகு பொலிஸ்காரர் குரலைக் குறைத்துக்கொண்டார். வாக்குமூலத்தை எழுதி வாங்கிக்கொண்டு அவளை அனுப்பிவிட்டார்கள். கூப்பிடும்போது வர வேண்டும் என்றார்கள்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். கண் திறந்தபோது நானும் அந்தப் பெண்ணும் பக்கத்தில் இருந்தோம். நல்ல கையால் அவளுடைய கையைத் துழாவிப் பிடித்தார். தம்புள்ளையிலிருந்து ஓடிவந்த மகன் கட்டிலின் கால்மாட்டில் நின்று, "அம்மா, அம்மா" என்று அழுதார். அப்போது மனைவி முன்னால் வந்து நெற்றியைத் தடவினார். அந்த அம்மாவின் பிடி இறுகியது. அந்தப் பெண்ணின் விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுகியது. மகன் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

முறைப்பாடு எதுவும் வேண்டாம் என்று மகன் பொலிசில் சொல்லிவிட்டார். அத்தோடு விசாரணை நின்றுபோனது. போத்தலைப் பற்றி இரண்டு மூன்று தடவை போய்க் கேட்டோம். முடிவு வரவில்லை என்றார்கள். பிறகு அப்படி ஒன்று வந்ததே தெரியாது என்றார்கள். டொக்டரம்மா வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப் போய்விட்டார். போத்தல் எங்கே போனது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

வாட்டிலிருந்து வெளியேறும் நாளில் அந்த அம்மாவை எங்கே கொண்டுபோவது என்று ஒரு கேள்வி வந்தது. அப்போதுதான் அவருக்கு ஒரு மகளும் இருப்பது எங்களுக்குத் தெரியவந்தது. ஸ்பிரிங்வெளிப் பக்கம் லயத்தில் இருந்தார். கொழுந்து பறிக்கிறவர். அண்ணன் பெரிய வீடு கட்டியதிலிருந்து அந்தப் பக்கம் போகாதவர். எங்கள் பெண்தான் தேடிக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள். அவர் நெற்றியில் கூடைக்கயிறு அழுந்திய தழும்போடு வாட்டுக்கு வந்து நின்றார். "எங்க வூட்டுல எடம் கொஞ்சந்தான். பரவால்ல, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அண்ணன் மறுக்கவில்லை. ஒரு லொறியில் கட்டிலை அனுப்பிவைத்தார்.

சங்கத்திலிருந்து முறை வைத்து அங்கே போகிறோம். புரட்டிப் படுக்க வைக்கவும், குளிப்பாட்டவும், புண் வராமல் பார்க்கவும் மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அந்த அம்மா மறுபடியும் கத்தத் தொடங்கிவிட்டார். லயத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பறாவிலிருந்து பதிலுக்குக் கத்துகிறவர்கள்கூட உண்டு.

ஆனால் பண்டாரவளைப் பக்கத்துப் பெரிய வீடுகளிலிருந்து எங்களைக் கூப்பிடுவது நின்றுபோனது. முன்பு மாதத்துக்கு ஒரு வீடாவது கேட்கும். நான் ஒரு வீட்டில் விசாரித்தபோது அந்த அம்மணி நேரடியாகவே சொன்னார். "ஒங்க சங்கத்து ஆக்கள் வேணாம் மிஸ். வீட்டு விசயத்த வெளிய கொண்டுபோறீங்களாமே." இப்போது அந்த வீடுகளில் யாரை வைத்துக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை. பயிற்சி இல்லாத தோட்டத்துப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோகிறார்கள் என்று கேள்வி. அவர்கள் எந்தக் குழுவிலும் இல்லை. அவர்களுடைய குரல் யாருக்கும் வருவதில்லை. அதை நினைத்தால் எனக்குக் காலையில் தேத்தண்ணி இறங்குவதில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது படியில் கனமான காலடி கேட்டது. அந்த மகன்தான் வந்து வாசலில் நின்றார். அந்தப் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர் உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்பது போலக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க அன்னிக்கு வராம இருந்திருந்தா?" என்று கேட்டார்.

கீழே கடையில் யாரோ தகரம் வெட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும்னு சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு, "தெரியாதுன்னும் சொல்ல மாட்டேன்" என்றார்.

ராத்தாதான் எழும்பினார். "உம்மாவப் போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டார். அவர் தலையசைத்தார். ஆமாம் என்றா இல்லை என்றா புரியவில்லை. "போய்ப் பாருங்க" என்றார் ராத்தா. அவர் இறங்கிப் போய்விட்டார். அந்தப் பெண் இப்போது வீட்டு டியூட்டிக்குப் போவதில்லை. பதுளையில் ஒரு நர்சிங் ஹோமில், பிரசவ வாட்டில் இருக்கிறாள்.

பிறகு நான் என் முறைக்கு ஸ்பிரிங்வெளி போயிருந்தபோது அந்த மகனின் தங்கை சொன்னார். அண்ணன் ஒரு நாள் லொறியோடு வந்தாராம். லயத்துக்கு மேலே ரோட்டில் நிறுத்திவிட்டு, இறங்கி, கீழே பார்த்துக்கொண்டே நின்றாராம். அம்மா அப்போது கத்திக்கொண்டிருந்தாராம். தங்கை கை காட்டிக் கூப்பிட்டும் அவர் இறங்கி வரவில்லை. லொறியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"அம்மா அண்ணனோட லொறிச் சத்தத்த அடையாளம் கண்டிருச்சுங்க மிஸ்" என்றார் தங்கை. "ரோட்டுப் பக்கமே திரும்பிக் கத்திச்சு. லொறி போனப்பறம்தான் நிறுத்திச்சு."